சதுப்புநிலத்து ஈக்களும் நகர்ந்த கடற்கரையும்

பூச்சி பிடிக்கும் மலேஸ் பொறியைச் சதுப்புநிலக் காட்டில் கட்டப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஓத அட்டவணை. சிங்கப்பூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வேறுபாடு மூன்று மீட்டர் வரை போகும். காலையில் கணுக்காலளவு சேற்றில் நின்று கட்டிய பொறி மாலையில் முழுக்க நனைந்தால் அந்த வாரத்து உழைப்பு போனதுதான். அதனால் நீர் வற்றும்போதே உள்ளே போய்விட வேண்டும். மரங்களின் அடிப்பட்டையில் பழைய ஏற்றங்கள் விட்டுச்சென்ற சேற்றுக்கோட்டைப் பார்த்து, அதற்கு மேலே வலையின் விளிம்பு நிற்கிற மாதிரி கம்பு ஊன்ற வேண்டும். நீர் திரும்புமுன் வெளியே வந்துவிட வேண்டும்.

பொறியைக் கண்டுபிடித்தவர் ரெனே மலேஸ் என்ற சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர். அவருடைய கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல்மூலைக்கு ஏறி, அங்கிருந்த ஓட்டை வழியாக வெளியேறின. அந்த மூலையில் ஒரு குப்பியை வைத்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. 1930களில் பர்மாவில் அவர் பயன்படுத்திய அந்த அமைப்பே இன்றும் அதிகம் மாறாமல் உலகெங்கும் உள்ளது. நடுவில் கறுப்பு வலைத் தடுப்பு, மேலே வெள்ளைக் கூரை, உச்சியில் எத்தனால் நிறைத்த குப்பி. தடுப்பில் மோதும் பூச்சி வெளிச்சத்தை நாடி மேலே ஏறிக் குப்பிக்குள் விழும். வாரத்துக்கு ஒருமுறை குப்பியை மாற்றுவோம்.

சுங்கை பூலோவிலும் புலாவ் உபினிலும் செமாக்காவிலும் இப்படிக் குப்பி மாற்றியதிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. உபினில் எங்களைக் கொண்டுபோய் விடும் படகோட்டியைப் பாக்சிக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பாக்சிக்குக்கு அந்தக் காட்டில் தெரிந்த ஒரே ஈ, மாலையில் கடிக்கும் அகாஸ். மற்ற ஈக்கள் என்ன செய்கின்றன என்று ஒருமுறை கேட்டார். கரையோரச் சேற்றைக் காட்டி, வெயிலில் மின்னும் பச்சைப் புள்ளிகளைப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரம் குனிந்து பார்த்தவர், "இத்தனை இருக்கிறதா இங்கே?" என்றார். சேற்றின் மேல் நின்று, ஓடி, சண்டையிட்டு, மறுபடி நிற்கும் அந்தப் பச்சைப் புள்ளிகள்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள்.

அவை டோலிக்கோபோடிடே குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட கால் ஈக்கள். உலகில் 7,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உடம்பு உலோகப் பச்சையாகவோ நீலப் பச்சையாகவோ மின்னும், கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கும். வளர்ந்த ஈ மற்ற சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். சதுப்புநில இனங்களின் புழுக்களும் சேற்றுக்குள் இரை தேடியே வளர்கின்றன.

நுண்ணோக்கியின் கீழே ஆண் ஈயை வைத்தால் வேறோர் உலகம் தெரியும். வயிற்றின் நுனியிலிருக்கும் இனப்பெருக்க உறுப்பு முன்பக்கமாக மடிந்து, வயிற்றுக்கு அடியில் பெட்டி போல அடங்கியிருக்கும். அதன் மடல்களும் முட்களும் இனத்துக்கு இனம் வேறுபடும். கால்களில் சில இனங்களுக்கு வரிசை வரிசையாக முடி, சிலவற்றுக்குத் தட்டையான கணு, சிலவற்றுக்குக் கறுப்புக் கொடி போன்ற விரிவு. பெண் ஈயின் முன்னால் அந்தக் காலைத் தூக்கி அசைத்துக் காட்டுவதற்கே அவ்வளவு அலங்காரமும். பெண் ஈக்களில் இந்த அடையாளங்கள் கிடையாது. ஒரே குப்பியில் கிடக்கும் நான்கு இனத்துப் பெண்களைக் கண்ணால் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம்.

பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி இரண்டு ஆண் ஈக்களைப் பெட்ரி தட்டில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, ரெண்டும் ஒரே இனம்தானே?"

"முன்னங்காலப் பாரும்மா. அப்புறம் சொல்லு."

"இதுல அடியில முடி வரிசையா நிக்குது. அதுல... வழவழன்னு இருக்கு."

"இப்ப ரெண்டையும் தனித்தனிக் குப்பியில போடு. நாளைக்கு டி.என்.ஏ. என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

டி.என்.ஏ. இரண்டு இனம் என்றது. இந்தத் தொழிலில் கண்ணும் மரபணுவும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி இனத்தை முடிவு செய்யக்கூடாது என்பதைத்தான் நான் எல்லோருக்கும் முதல் பாடமாகச் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே சிலர் அடித்தளம் போட்டிருந்தார்கள். டென்னிஸ் மர்ஃபி என்ற பூச்சியியலாளர் சிங்கப்பூரின் சதுப்புநிலங்களில் ஓயாமல் சேகரித்தவர். 2002இல் ஹவாயின் நீல் ஈவன்ஹூஸும் பெல்ஜியத்தின் பாட்ரிக் கிரூட்டார்ட்டும் சிங்கப்பூரின் நீண்ட கால் ஈக்களைப் பட்டியலிட்டபோது ஒரு புதிய பேரினத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. அதன் முதல் இனத்துக்கு இங்கிராஃபியம் மர்ஃபியை என்று மர்ஃபியின் பெயரை வைத்தார்கள். 2014இல் அதே பேரினத்தில் சிங்கப்பூரின் சதுப்புநிலங்களிலிருந்து இன்னும் இரண்டு இனங்கள் வந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் சிவசோத்தியை. சதுப்புநிலங்களைப் பற்றி மாணவர்களுக்குக் கற்பித்தும் கரைகளைத் துப்புரவு செய்யும் தொண்டர்களைத் திரட்டியும் வந்த சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆசிரியர் சிவசோத்தியைச் சிறப்பிக்கும் பெயர் அது. பல லட்சம் பேர் வாழும் நகரின் விளிம்பில், 21ஆம் நூற்றாண்டில், அதுவரை அறிவியல் அறியாத ஈக்கள் பறந்துகொண்டிருந்தன.

எவ்வளவு ஈக்கள் அப்படிப் பறக்கின்றன என்பது டி.என்.ஏ. பார்கோடு வந்த பிறகே தெரிந்தது. 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த யோசனை இது. எல்லா விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவிலும் உள்ள ஒரே மரபணுவின் ஒரே பகுதியை, 658 எழுத்துகளை, படித்து ஒப்பிட்டால் பெரும்பாலான இனங்களைப் பிரித்துவிடலாம். அன்றாட வேலைக்கு அதற்குள் 313 எழுத்து நீளமுள்ள துண்டே போதுமானது. ஈயின் ஒரு காலை, சில சமயம் முழு ஈயையே, சூடான கரைசலில் சிறிது நேரம் வைத்தால் தேவையான டி.என்.ஏ. வெளியே வந்துவிடும். உடம்பு சிதையாது. பிறகு பி.சி.ஆர். முறையில் அதைப் பல பிரதிகளாகப் பெருக்குவோம். ஒவ்வோர் ஈக்கும் தனித்தனி அடையாள வரிசை ஒட்டிய பிரைமர்களைப் பயன்படுத்துவதால், ஆயிரக்கணக்கான ஈக்களின் டி.என்.ஏ.வை ஒரே குழாயில் கலந்து ஒரே ஓட்டத்தில் படித்து, பிறகு கணினியில் பிரித்துக்கொள்ளலாம். முன்பு ஓர் ஈக்கு ஆன செலவில் இப்போது பல ஈக்களைப் படிக்கிறோம்.

இந்த வழியில்தான் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் மையரின் குழு ஏறத்தாழ 1,40,000 பூச்சிகளைப் படித்து, சுமார் 8,500 இனங்களாகப் பிரித்தது. மழைக்காடு, நன்னீர்ச் சதுப்பு, நகர்ப்புறக் காடு, கரையோரக் காடு, சதுப்புநிலம் என எல்லா வாழிடங்களையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு 2021இல் வெளியானது. சிங்கப்பூரின் சதுப்புநிலங்களில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள். அவற்றில் பாதிக்கும் மேலானவை சதுப்புநிலத்தைத் தவிர வேறெங்கும் பிடிபடாதவை.

மற்ற காடுகளில் மர வகை கூடினால் பூச்சி வகையும் கூடும். சதுப்புநிலத்தில் மர வகை குறைவு. இலை தின்னும் பூச்சிகளும் பூஞ்சை தின்னும் பூச்சிகளும் அதற்கேற்பக் குறைவாகவே இருந்தன. அந்தக் குறையை ஈடுகட்டியவை வேட்டையாடும் பூச்சிகள். அவற்றின் புழுக்கள் சேற்றில் வளர்பவை. சதுப்புநிலம் என்றதும் நாம் மரத்தைப் பார்க்கிறோம். அங்குள்ள பூச்சி வளத்தில் பெரும்பங்கைத் தாங்குவது மரங்களுக்கு முன்னால் வெறுமையாகக் கிடக்கிற சேறு.

இனங்களை எண்ணி முடிப்பதோடு வேலை முடிவதில்லை. ஒரே இனத்துக்குள் ஓர் ஈக்கும் இன்னோர் ஈக்கும் மரபணுவில் என்ன வேறுபாடு, அந்த வேறுபாடு எப்போது எப்படி வந்தது என்ற கேள்விகள்தான் என்னை இந்தத் துறையில் பிடித்துவைத்தன. பார்கோடு வரிசைகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரு வலைப்படம் வரைவோம். நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வரிசை பெரிய வட்டமாகவும், அதைச் சுற்றி ஓர் எழுத்து மட்டும் மாறிய வரிசைகள் சிறு வட்டங்களாகவும் வந்தால், அந்த இனம் அண்மைக் காலத்தில் சிறு எண்ணிக்கையிலிருந்து பெருகியது என்று பொருள் கொள்ளலாம். பெரிய வட்டங்கள் இரண்டு பல எழுத்து இடைவெளியில் தள்ளித் தள்ளி நின்றால், நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த இரு கூட்டங்கள் மறுபடி கலந்திருக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது. பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு நெடுநாளாகப் புழங்கும் ஒரு வேகம், பிரிந்த இரண்டு கிளைகளுக்கு இடையே பத்து லட்சம் ஆண்டுக்கு 2.3 விழுக்காடு வேறுபாடு. 658 எழுத்தில் அது 15 எழுத்து. ஓர் எழுத்து மாறச் சராசரியாக 66,000 ஆண்டு. கடைசிப் பனியுகத்தின் உச்சமோ ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தக் காலத்தில் பிரிந்த இரண்டு கூட்டங்களுக்குள் பார்கோட்டில் ஓர் எழுத்து வேறுபாடுகூட விழாமல் இருக்கலாம். பார்கோடு, மணி முள் மட்டும் உள்ள கடிகாரம். நிமிடக் கணக்கு கேட்டால் அதனிடம் பதில் கிடைக்காது. நிமிடம் வேண்டுமென்றால் செல்லின் உட்கருவிலுள்ள மரபணுக்களில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படிக்க வேண்டும்.

வேறு இரண்டு கண்ணிகளும் உண்டு. பூச்சிகளின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா வாழும். அது தாயிடமிருந்து குஞ்சுகளுக்குப் போகும், மைட்டோகாண்ட்ரியாவும் அப்படியே. தொற்று ஒரு கூட்டத்தில் வேகமாகப் பரவினால், அதோடு சேர்ந்து வந்த ஒரே தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவும் பரவி மற்றவற்றைத் துடைத்துவிடும். அப்போது பார்கோடு காட்டும் ஒருமை அந்த இனத்தின் உண்மையான வரலாற்றைச் சொல்லாது. மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் எப்போதோ உட்கருவின் டி.என்.ஏ.வுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, நாம் படிக்கும்போது அசல் போலத் தலைகாட்டுவதும் உண்டு. வரிசையின் நடுவில் புரதம் பாதியில் நின்றுபோகும் குறியீடு தென்பட்டால் அதை உடனே ஒதுக்கிவைக்கப் பழக வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் ஒன்று உறுதியாக நிற்கிறது. பார்கோட்டில் 3 விழுக்காடு வேறுபடும் இரண்டு ஈ இனங்கள் அந்த வேகத்தில் பிரிந்து 13 லட்சம் ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அவ்வளவு காலத்தில் பூமி பலமுறை உறைந்து உருகிவிட்டது. கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு லட்சம் ஆண்டுக்கும் ஒரு பெரிய பனியுகம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் கடல் நூறு மீட்டருக்கு மேல் இறங்கி ஏறியிருக்கிறது. சேற்றோரத்தை விட்டால் வேறிடம் இல்லாத ஈக்கள் அதையெல்லாம் தாண்டி வந்திருக்கின்றன.

கடைசிப் பனியுக உச்சத்தில் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. மலாயாவும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் சுந்தா என்ற ஒரே நிலம். இன்று கப்பல்கள் வரிசையில் காத்திருக்கும் சிங்கப்பூர் நீரிணை அன்று உலர்ந்த தரை. தென்சீனக் கடலின் ஆழமற்ற பகுதி பெரிய ஆறுகள் ஓடும் சமவெளியாக இருந்தது. மூழ்கிப்போன அந்த ஆறுகளைப் பற்றி டச்சு நிலவியலாளர் மொலென்கிராஃப் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். அந்த நாளில் சதுப்புநிலக் காடுகள் சமவெளியின் விளிம்பில், இன்றைய கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தன.

அவை எப்படித் திரும்பி வந்தன என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. கடலடியில் துளையிட்டு எடுத்த மண் உருளைகளில் பழைய சதுப்புநிலத் தாவரங்களின் எச்சங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. அவற்றின் வயதைக் கணித்து, 2000ஆம் ஆண்டில் ஜெர்மன் ஆய்வாளர் ஹானெபுத்தும் சகாக்களும் சுந்தா மேடையைக் கடல் எவ்வளவு வேகமாக விழுங்கியது என்று காட்டினார்கள். 14,600 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 300 ஆண்டுகளில் 16 மீட்டர். ஆண்டுக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல்.

இந்த எண்ணை 2020இல் வந்த இன்னோர் ஆய்வின் எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கடல்மட்டம் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் சதுப்புநிலம் தன் இடத்திலேயே மண் சேர்த்து உயர்ந்து தப்புவது அரிது என்பது அதன் முடிவு. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் ஏறிய கடலில் எந்தக் காடும் நின்ற இடத்தில் பிழைத்திருக்க முடியாது. அது பிழைத்தது நகர்ந்து. பின்னால் சமவெளி திறந்து கிடந்தது. காடு பின்வாங்கியது, சேறு அதோடு போனது, ஈக்கள் சேற்றோடு போயின.

நகர்ந்த கதையின் தழும்பு மரங்களின் மரபணுவில் தெளிவாக இருக்கிறது. சீரியாப்ஸ், புருகீரா, ரைசோஃபோரா ஆகிய சதுப்புநில மரங்களை ஆராய்ந்தவர்கள், மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரை மரங்களும் கிழக்குக் கரை மரங்களும் மரபணுவில் தனித்தனிக் குழுக்களாக நிற்பதைக் கண்டார்கள். கடல் இறங்கிய ஒவ்வொரு முறையும் சுந்தா நிலம் இந்தியப் பெருங்கடலையும் தென்சீனக் கடலையும் பிரிக்கும் சுவராக நின்றதே காரணம். சிங்கப்பூர் அந்தத் தீபகற்பத்தின் தென்முனையில், இரண்டு பக்கத்து நீரும் இன்று சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. மரத்தின் நாற்று வாரக்கணக்கில் கடலில் மிதந்து வேறு கரையில் ஊன்றும். அதற்கே இந்தச் சுவர் இவ்வளவு பிரிவை ஏற்படுத்தியது என்றால், சேற்றுக்குள் புழுவாக வளர்ந்து சில மில்லிமீட்டர் இறக்கையோடு வெளிவரும் ஈயை அது இன்னும் ஆழமாகப் பிரித்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து, ஹாங்காங் சதுப்புநிலங்களை 2021 ஆய்வு ஒப்பிட்டபோது இடத்துக்கு இடம் இனங்கள் பெரிதும் மாறியிருந்தது அதற்கு ஒத்துவருகிறது. ஒரு நாட்டின் சதுப்புநிலத்தைக் காத்தால் மற்ற நாட்டின் ஈக்களும் பிழைத்துக்கொள்ளும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இத்தனை ஆண்டு இந்த வேலையில் நான் கற்றதை ஒரு வரியில் சொல்வதானால், இந்த ஈக்களைக் காப்பாற்றியது இடம். கடல் ஏறும்போது பின்வாங்க இடம், இறங்கும்போது முன்னேற இடம். மரபணுப் பன்மை என்பது அப்படி நகர்ந்து நகர்ந்து பெரிய கூட்டங்களாக வாழ்ந்த காலத்தின் சேமிப்பு. கூட்டம் சிறுத்தால் அந்தச் சேமிப்பு தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாகவே கரைந்துபோகும். இனம் பட்டியலில் இருக்கும், அதன் உள்வளம் போயிருக்கும். வெறும் இன எண்ணிக்கை இந்த இழப்பைக் காட்டாது. அதனால்தான் ஒவ்வோர் இனத்திலும் பல ஈக்களை, பல இடங்களிலிருந்து, உடம்பு சிதையாமல் எத்தனாலில் குளிரூட்டி வைத்திருக்கிறோம். இன்று பார்கோடு மட்டும் படித்த ஈயிலிருந்து நாளை வருபவர் முழு மரபணுத் தொகுதியையே படிக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் நிலப்பரப்பில் சுமார் 13 விழுக்காடு சதுப்புநிலம். இன்று அது 1 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. எஞ்சிய துண்டுகளில் பலவற்றுக்குப் பின்னால் சாலையோ கற்சுவரோ அணைக்கரையோ இருக்கிறது. இந்த முறை கடல் ஏறும்போது காட்டுக்குப் பின்வாங்க வழியில்லை.

மரம் நடும் குழுக்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. நல்லெண்ணத்தோடு நாற்றை எடுத்துக்கொண்டு வரும் பலர் காட்டுக்கு முன்னால் இருக்கும் வெறும் சேற்றைக் காலி இடமாகப் பார்க்கிறார்கள். புழுக்களும் அவற்றை நம்பிய வேட்டை ஈக்களும் வாழும் இடம் அது. அங்கே நட வேண்டாம். பழைய இறால் பண்ணைக் குட்டைகளிலும் கைவிட்ட கரைகளிலும் நீர் வந்துபோக வழி திறந்துவிடுங்கள், நாற்று தானே வரும்.

கரைகளைத் திட்டமிடுகிறவர்களிடம் கேட்பது இன்னொன்று. செமாக்காவில் குப்பைச் சாம்பலுக்கு அணைக்கரை எழுப்பியபோது பாதிக்கப்பட்ட சதுப்புநிலத்துக்கு ஈடாகப் புதிதாக நட்டு வளர்க்க இந்த நாட்டால் முடிந்தது. அதே அக்கறையோடு, இனி வரையும் ஒவ்வொரு கரையோரத் திட்டத்திலும் காட்டுக்கு முன்னால் உள்ள சேற்றையும் பின்னால் விட வேண்டிய வெற்றிடத்தையும் காட்டின் பகுதியாகவே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். சுவர் எழுந்த பிறகு அந்த இடத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.